வீரகேரளம்புதூர் முதல் புளியரை வரை: சாலை வண்டியிடம் சொல்ல வேண்டியவை

வண்டிக்கும் சாலைக் கட்டமைப்புக்கும் இடையிலான தகவல் தொடர்பு என்பது, சாலையோரத்தில் நிறுவிய ஒரு கருவியும் வண்டிக்குள் உள்ள ஒரு கருவியும் வானலை வழியே சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு. முன்னால் வரும் வளைவை இப்போதைய வேகத்தில் கடக்க முடியாது, சிக்னல் சில விநாடிகளில் சிவப்பாகும், வளைவுக்கு அப்பால் லாரி ஒன்று பழுதாகி நிற்கிறது என்பன போன்ற, கண்ணுக்கு எட்டாத ஆபத்துகளை ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிவிப்பது அதன் வேலை. வண்டியும் தன் இடம், வேகம், திசை, பிரேக் நிலை ஆகியவற்றை விநாடிக்கு 10 முறை வரை அறிவித்துக்கொண்டே போகும். இதற்காக அமெரிக்கா 1999-இல் 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒதுக்கியது. வைஃபையின் உறவான ஒரு வானொலித் தரம் 2010-இல் வந்தது. அலைபேசித் தொழில்நுட்பத்தை ஒட்டிய போட்டித் தரம் 2017-இல் வந்தது. 2020-இல் அமெரிக்கா அந்த 75-இல் 45 மெகாஹெர்ட்ஸைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திருப்பிவிட்டு, எஞ்சிய 30-ஐப் புதிய தரத்துக்குக் கொடுத்தது. பழைய தரத்தை நம்பி உழைத்த ஆய்வுக்குழுக்கள் கருவிகளைக் கழற்றி மாற்ற நேர்ந்தது.

இந்த வரலாற்றிலிருந்து எந்தப் புதிய ஆய்வும் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. திட்டம் வானொலியிலிருந்து தொடங்கக் கூடாது. சாலையிலிருந்து தொடங்க வேண்டும். எந்த இடத்தில், யாருக்கு, எந்த வகை விபத்து நேர்கிறது என்பது முதலில் தெரிந்தால், எந்தச் செய்தியை எவ்வளவு தூரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பது தெரியும். அதன் பிறகுதான் அதை எந்த அலையில் அனுப்புவது என்ற கேள்வி. தென்காசி மாவட்டத்தில் வீரகேரளம்புதூரிலிருந்து சுரண்டை, சுந்தரபாண்டியபுரம், தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வழியாகப் புளியரை மலைச்சாலை வரை போகும் பாதை இதற்கு ஏற்ற ஆய்வுத் தடம். வயல்வெளிச் சாலை, நகரச் சிக்னல், அருவிக்குப் போகும் சீசன் கூட்டம், மாநில எல்லையை நோக்கி ஏறும் லாரிகள் எனத் தமிழ்நாட்டுச் சாலைகளின் பெரும்பாலான சிக்கல்கள் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் கடந்துவிடக் கூடிய தூரத்தில் அடுத்தடுத்து வருகின்றன.

வீரகேரளம்புதூர் சிற்றாற்றங்கரை ஊர். உள்ளூரில் வீ.கே.புதூர் என்றால்தான் சட்டென்று புரியும். ஊற்றுமலை ஜமீனின் அரண்மனையும் நவநீதகிருஷ்ணன் கோயிலும் இங்கே இருக்கின்றன. காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஜமீன் அது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானபோது அதன் 8 வட்டங்களில் ஒன்றின் தலைநகராக இவ்வூர் அமைந்தது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வயலுக்குப் போகிறவர்கள் என்று சாலையில் எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பைக்கிலும் சைக்கிளிலும் நடந்தும்தான் போகிறார்கள். அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் சாலையின் முக்கால் பாகத்தை அடைத்துக்கொண்டு வரும். அதன் பின்விளக்கு இருந்தாலும் வைக்கோலுக்குள் மறைந்திருக்கும். உளுந்துச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தாலேயே காய் உடைய விடுவதும் வழக்கம். காய்ந்த செடியின் மேல் ஏறும் பைக் பிரேக் பிடித்தால் சறுக்கும்.

யாருக்காக இந்த ஆய்வு என்ற கேள்விக்கான விடை இந்தச் சாலையிலேயே கிடைக்கிறது. 2022-இல் இந்தியாவில் நடந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. இறந்தவர்கள் 17,884. நாடு முழுவதும் இறந்தவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஏறத்தாழ 20 பேர் நடந்து போனவர்கள். வெளிநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் காரையும் டிரக்கையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காரின் கண்ணாடிக்குக் கீழே திரை ஒளிரும், குரல் ஒலிக்கும் என்பது அவற்றின் அடிப்படை. வீ.கே.புதூரிலிருந்து சுரண்டைச் சந்தைக்குக் காய்கறி மூட்டையோடு பைக்கில் போகிறவருக்குத் திரை கிடையாது. அவருடைய அலைபேசி சட்டைப் பையில் இருக்கிறது. தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சல் இருக்கிறது.

இங்கே ஒரு எளிய கணக்கு ஆய்வின் திசையையே தீர்மானித்துவிடும். சாலையில் ஓடும் வண்டிகளில் 100-க்கு 10-இல் கருவி பொருத்தியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டியும் வண்டியும் பேசிக்கொள்ள வேண்டுமானால் இரண்டிலும் கருவி இருக்க வேண்டும். அப்படி இரண்டு வண்டிகள் சந்திக்கும் வாய்ப்பு 100-க்கு 1 மட்டுமே. சாலையோரக் கருவி பேசினால் ஒரு வண்டியில் இருந்தால் போதும், வாய்ப்பு 100-க்கு 10. அதே சாலையோரக் கருவி தன் செய்தியை ஒரு மின்பலகையிலும் ஒளிரச் செய்தால், கண்ணுள்ள 100 பேருக்கும் அது சேரும். கருவி இல்லாதவருக்கும் செய்தி சேர வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துத் திட்டமிடும் ஆய்வுதான் இந்தச் சாலைக்குப் பொருந்தும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் கிராமப்புறச் சந்திப்புகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறது. கிளைச்சாலையில் வண்டி நிற்பதை உணர்கருவி கண்டதும், முதன்மைச் சாலையில் வருகிறவருக்கு மஞ்சள் விளக்கு மின்னும். வண்டிக்குள் எதுவும் தேவையில்லை.

ஏற்கெனவே வண்டிகளில் இருப்பவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியில் நான்கு சக்கர வண்டிகளுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் கட்டாயமானது. சுங்கச்சாவடிக் கருவி அந்த ஒட்டுவில்லையை ரேடியோ அலையால் படிக்கிறது. பரவலில் பார்த்தால், நாட்டில் உள்ள மிகப் பெரிய வண்டி–சாலைத் தகவல் தொடர்பு இதுதான். அது பாதுகாப்புச் செய்தி எதையும் சொல்வதில்லை. ஆனால் இரண்டு இடங்களில் படிப்பான் வைத்தால் இடைப்பட்ட பயண நேரத்தையும் சராசரி வேகத்தையும் அளந்துவிடலாம். பேருந்து போன்ற பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்கு ஏஐஎஸ்-140 தரத்தில் இடங்காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும் என்ற விதி 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு நடைமுறைக்கு வந்தது. அந்தக் கருவி தரும் வேகப் பதிவுகளை ஆய்வுக்குக் கேட்டுப் பெற முடிந்தால், எந்த இடத்தில் பேருந்துகள் திடீரென்று பிரேக் பிடிக்கின்றன என்பது புதுக் கருவி எதுவும் நிறுவாமலே தெரியவரும். நாக்பூரில் 2021-இல் தொடங்கிய ஐராஸ்டே திட்டம் இதே வழியில் போனது. மாநகரப் பேருந்துகளில் மோதல் எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தி, எச்சரிக்கை அடிக்கடி ஒலிக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்து, விபத்து நடக்கும் முன்பே ஆபத்தான இடங்களை அடையாளம் கண்டது.

சுரண்டையைத் தாண்டிச் சுந்தரபாண்டியபுரம் பக்கம் திரும்பினால் சாலையின் இயல்பு மாறுகிறது. இங்கே சில காட்சிகள் எடுக்கப்பட்ட 'ரோஜா' படம் 1992-இல் வந்ததிலிருந்து இந்த ஊரின் வயல்களுக்குத் தனிப் புகழ் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூக்கும்போது கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கார்கள் பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக வரிசையாக நிற்கும். கதவு சாலைப் பக்கம் திறக்கும். பிள்ளைகள் காரைச் சுற்றி ஓடி எதிர்ப்பக்க வயலைப் பார்க்கக் குறுக்கே போவார்கள். அந்த நேரத்தில் அதே குறுகலான சாலையில் மினிபஸ் ஒன்று ஊர் போகும் அவசரத்தில் வரும். வருடத்தில் பத்து மாதம் இந்த ஆபத்து இருப்பதில்லை. ஆகவே நிலையான எச்சரிக்கைப் பலகை பயன்படாது. எப்போதும் இருக்கிற பலகையை உள்ளூர்க்காரர் பார்ப்பதை நிறுத்திவிடுவார். கார் நிற்கும்போது மட்டும் ஒளிரும் பலகையும், அதே செய்தியைக் கருவி உள்ள வண்டிக்கு அனுப்பும் பெட்டியும் கொண்ட ஒரு நகர்த்தும் கம்பம் இங்கே போதும்.

ஆய்வு முறையைப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பலகையை ஒரு வாரம் இயக்கி, ஒரு வாரம் அணைத்து, எந்த வாரம் எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, இரண்டு நிலைகளிலும் வரும் வண்டிகளின் வேகத்தை அளக்க வேண்டும். சராசரி வேகத்தைவிட, 100-இல் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்ற அளவே பொறியாளர்களுக்கு முக்கியம். மீதிப் பதினைந்து வண்டிகள்தான் ஆளைக் கொல்கின்றன. சனி, ஞாயிறையும் மற்ற நாட்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. நெல்லை, தென்காசிப் பகுதியின் பொறியியல் மாணவர்களே ரேடார் அளவியோடு வயல் வரப்பில் நின்று செய்து முடிக்கலாம்.

தென்காசி நகருக்குள் இரண்டு பெரிய சாலைகள் சேர்கின்றன. ஒன்று திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக வரும் மாநில நெடுஞ்சாலை 39. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு சாலைத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் அது நான்கு வழியாக விரிந்தது. மற்றொன்று திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், கடையநல்லூர் வழியாக வந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744. நான்கு வழிச் சாலை எதிரெதிர் மோதலைக் குறைக்கும். ஆனால் அதே சாலை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. பீடிக் கட்டோடு கம்பெனிக்குப் போகும் பெண்களும் பால் ஊற்றப் போகிறவர்களும் நடுத்தடுப்பு திறந்திருக்கும் இடத்தில் வேகமான வண்டிகளுக்கு ஊடே கடக்கிறார்கள். இந்தத் திறப்புகள் ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, கடக்கும் ஆள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், எவ்வளவு இடைவெளியில் துணிந்து இறங்குகிறார் என்று காணொளியில் அளப்பது தென்காசிப் பகுதியின் முதல் பணி.

சிக்னல் உள்ள சந்திப்புகளில் உலகெங்கும் சோதிக்கப்படுவது, விளக்கின் நிறத்தையும் அது மாற எஞ்சிய நேரத்தையும் வண்டிக்கு அனுப்பும் செய்தி. அதோடு சந்திப்பின் வரைபடமும் தடம் தடமாகப் போகும். இந்தியச் சந்திப்பில் அந்த வரைபடம் பொருந்துவதில்லை. 3.5 மீட்டர் தடம் ஒன்றில் ஒரு ஆட்டோவும் இரண்டு பைக்கும் நிற்கும். சாதாரண அலைபேசியின் இடங்காட்டிக்கோ சில மீட்டர் பிழை உண்டு. எந்தத் தடம் என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே இங்கே தடத்தை விட்டுவிட்டு, நிறுத்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டும் வைத்துச் செய்தி அமைப்பதே சரி. நாட்டுக்குள் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் இன்ட்ரான்ஸ் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் சி-டாக் நிறுவனமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய ஓட்டுநர் எச்சரிக்கைக் கருவியும் பேருந்துக்குச் சிக்னலில் முன்னுரிமை தரும் முறையும் 2022 ஜூலையில் அறிமுகமாயின. சி-டாக்கின் போக்குவரத்துப் பிரிவு இருப்பதும், 1976-இல் தொடங்கிய நாட்பாக் ஆய்வு மையம் இருப்பதும் திருவனந்தபுரத்தில். தென்காசியிலிருந்து மலையைத் தாண்டினால் போய்விடலாம். சென்னை கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னை ஐஐடியும் தேசியத் தகவலியல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் முதலில் சோதிக்கப்பட்ட 6 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்தைக் காவலரே அலைபேசியில் குறித்துப் பதிவேற்றுவதால், மைல்கல்லை வைத்து எழுதிய பழைய குறிப்புகளைவிட இடம் துல்லியமாகக் கிடைக்கிறது.

தரவு இருந்தாலும் அதைப் படிப்பதில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள் 3 ஆண்டுகளில் உயிரிழப்பு அல்லது படுகாயம் நேர்ந்த விபத்து 5 நடந்தால், அல்லது 10 பேர் இறந்தால், அது கரும்புள்ளி. அங்கே கருவி வைத்தபின் அடுத்த 3 ஆண்டுகளில் விபத்து 5-லிருந்து 3 ஆனால் கருவி வென்றது என்று எழுதத் தோன்றும். ஆனால் 5 என்ற எண் தற்செயலாகவே 3 ஆகவும் 7 ஆகவும் ஊசலாடக் கூடியது. மிக மோசமான ஆண்டுகளைப் பார்த்துத்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தோம் என்பதால், எதுவும் செய்யாவிட்டாலும் எண்ணிக்கை குறையவே வாய்ப்பு அதிகம். சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் எஸ்ரா ஹவுயர் வலியுறுத்திய எச்சரிக்கை இது. அதனால் விபத்தை மட்டும் நம்பாமல், விபத்துக்கு மிக அருகில் போய்த் தப்பிய நிகழ்வுகளை எண்ணும் முறை வந்தது. ஒரு வண்டி கடந்த இடத்தை மற்றொரு வண்டி எத்தனை விநாடி கழித்துக் கடந்தது, பிரேக் பிடிக்காமல் போயிருந்தால் மோத எத்தனை விநாடி இருந்தது என்பவை அளவுகள். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் இதில் முன்னோடி. விபத்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு நடக்கும் இடத்தில் தப்பிய நிகழ்வு ஒரு நாளில் பல நடக்கும். சில வாரங்களிலேயே போதுமான தரவு சேர்ந்துவிடும்.

தொழில்நுட்பத்தின் எல்லையையும் இதே கட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். 2024 ஜனவரி 28 விடியற்காலை, குற்றாலத்தில் குளித்துவிட்டுக் காரில் புளியங்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த 6 இளைஞர்கள் கடையநல்லூர்ப் பகுதியில் சிமெண்ட் லாரியில் மோதி இறந்தார்கள். ஓர் ஊர் ஒரே விடியலில் ஆறு பிள்ளைகளை இழந்தது. இப்படி நள்ளிரவுக்குப் பின் நேர்கிற எதிரெதிர் மோதலைச் சாலையோரப் பெட்டி தடுத்துவிடும் என்று திட்ட அறிக்கையில் எழுதுவது நியாயமாகாது. நடுத்தடுப்பும், ஓய்வெடுக்க வெளிச்சமான இடமும், தடம் விலகினால் அதிரும் கோடுகளும் அங்கே முதலில் வேண்டியவை. எந்த வகை விபத்துக்குச் செய்தி உதவும், எதற்கு உதவாது என்று விபத்துக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பது ஆய்வின் கடமை.

குற்றாலம் வேறொரு பாடம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். வெயிலும் மேகமும் மாறி மாறி வரும், சாலை எப்போதும் நனைந்தே கிடக்கும். ஐந்தருவிச் சாலையிலும் பழைய குற்றாலம் சாலையிலும் ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி கூட்டம் சாலையிலேயே நடக்கும். வேன்கள் இடம் தேடி ஊர்ந்துகொண்டிருக்கும். இங்கே வேகம் குறைவு, உயிரிழப்பு அபாயம் வேறு திசையிலிருந்தும் வருகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். மலையின் மேலே பெய்யும் மழை கீழே குளிப்பவருக்குத் தெரிவதில்லை. நீர்வரத்தை மேலே அளக்கும் உணர்கருவி அருவிக்கரையில் சங்கை ஒலிக்கச் செய்யும்போதே, குளிக்கத் தடை என்ற செய்தியைத் தென்காசி, செங்கோட்டை நுழைவுகளில் உள்ள சாலையோரக் கருவிகளுக்கும் அனுப்பினால், வந்துகொண்டிருக்கும் வண்டிகள் அங்கேயே திரும்பிவிடும். அருவிக்குக் கீழே முண்டியடிக்கும் நெரிசலும் மீட்பு வண்டிக்கு வழி அடைபடுவதும் குறையும். பாதுகாப்புச் செய்தியைச் சாலை விபத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்ளத் தேவையில்லை என்பதற்கு இது தெளிவான சான்று.

அலை எவ்வளவு தூரம் போகிறது என்பதை அளக்கவும் குற்றாலமே இடம். 5.9 கிகாஹெர்ட்ஸ் அலை நேர்கோட்டில் போகும், பாறையைச் சுற்றி வளையாது. மழைத்துளியால் அது அதிகம் குறைவதில்லை. நனைந்த இலைக்கூட்டம் அதைக் கணிசமாக விழுங்கும். பேருந்தின் உயரமான உடல் பின்னால் வரும் பைக்கை நிழலுக்குள் தள்ளும். பங்குனி வெயிலில் 300 மீட்டர் எட்டிய செய்தி ஆடிச் சாரலில் எவ்வளவு எட்டுகிறது என்று இரண்டு பருவத்திலும் அதே மரங்களுக்கு அடியில் அளக்க வேண்டும். ஐப்பசி மழையில் மூன்றாவது முறை. கடற்கரைச் சமவெளியில் எடுத்த அளவை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

செங்கோட்டைக்கு மேற்கே சாலை மலையை நோக்கி எழுகிறது. காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இரைந்துகொண்டு வரும். ஜல்லி, எம்-சாண்ட், காய்கறி, சிமெண்ட் ஏற்றிய லாரிகள் கேரளம் நோக்கி முதல் கியரில் ஏறுகின்றன. மரம், பிளைவுட், ரப்பர் ஏற்றியவை இறங்குகின்றன. புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கோட்டைவாசல் போகும் வழியில் இருக்கிறது எஸ் வளைவு. இறக்கத்தில் வரும் ஓட்டுநருக்கு முதல் திருப்பம் தெரியும், அடுத்தது மலையின் மறைவில் இருக்கும். லோடு ஒரு பக்கம் சாயத் தொடங்கிய பிறகு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டி வரும்போது லாரி கவிழ்கிறது. சாலைக்குக் கீழே, பகவதிபுரம் பக்கம், செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை ஓடுகிறது. 1904-இல் வந்த மீட்டர் கேஜ் பாதை அது, 2018-இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது.

2024 பிப்ரவரி 25 நள்ளிரவு கடந்த நேரம். கேரளத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பிளைவுட் ஏற்றி வந்த லாரி இந்த வளைவில் கட்டுப்பாட்டை இழந்து, மேலேயிருந்து தண்டவாளத்தின் மேல் விழுந்தது. ஓட்டுநர் இறந்தார். சத்தம் கேட்டு எழுந்த, அருகில் குடியிருந்த முதிய தம்பதி, அந்த நேரத்தில் ரயில் வருவதை அறிந்து, டார்ச் லைட்டோடு தண்டவாளத்தின் ஓரமாக ஓடி, ஒளியைக் காட்டி ரயிலை நிறுத்தினார்கள். தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்கிப் பாராட்டினார். அவர்கள் விழித்திராவிட்டால், அல்லது டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்தாலே நெஞ்சு பதறுகிறது. அவர்கள் செய்ததைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால் ஒரு முழுமையான எச்சரிக்கை அமைப்பு கிடைக்கிறது: நிகழ்வை உணர்தல், அது யாருக்கு ஆபத்து என்று கணித்தல், உரிய இடத்துக்குச் செய்தியைக் கொண்டுபோதல், பார்ப்பவருக்குப் புரியும் வடிவில் காட்டுதல். ஆய்வு வடிவமைக்க வேண்டியது இந்த நான்கையும், எந்நேரமும் விழித்திருக்கும்படி.

எஸ் வளைவுக்கு இரண்டு வேலைகள் தேவை. முதலாவது, லாரி கவிழாமல் தடுப்பது. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஆபத்தைக் கண்டு நிற்க 80 மீட்டர் வேண்டும், 40 கிலோமீட்டரில் 45 மீட்டர். ஈரமான இறக்கத்தில் இன்னும் கூடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 16.7 மீட்டர் போகிறது. வானொலிச் செய்தி பத்தில் ஒரு விநாடி தாமதித்தாலும் இழப்பு 1.7 மீட்டர்தான். 300 மீட்டருக்கு முன்பே சொல்லிவிட்டால் ஓட்டுநருக்கு 18 விநாடி கிடைக்கிறது. வளைவு எச்சரிக்கைக்கு மில்லிவிநாடிப் போட்டியில் வென்ற ரேடியோ தேவையில்லை. ஓட்டுநர் கேட்டு, நம்பி, காலை எடுப்பதுதான் கடினமான பகுதி. இங்கே வரும் ஓட்டுநர்கள் தமிழும் மலையாளமும் பேசுகிறவர்கள், வடக்கிலிருந்து வருகிறவர்களும் உண்டு. குரல் செய்தி மூன்று சொல்லுக்குள் முடிய வேண்டும். சரியான வேகத்தில் வருகிறவரையும் எச்சரித்தால் நான்காவது நாள் அவர் கருவியை அணைத்துவிடுவார். ஆகவே வண்டியின் வேகத்தை அளந்து, மீறுபவருக்கு மட்டும் சொல்லும் அமைப்பு வேண்டும். எத்தனை முறை தேவையின்றி ஒலித்தது என்பதும் வெற்றியின் அளவுகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கவிழ்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு அறிவிப்பது. ஜப்பானில் டோக்கியோ பெருநகர விரைவுச்சாலையின் சங்கூபாஷி வளைவில் 2005-இல் இதைச் சோதித்தார்கள். வளைவுக்கு அப்பால் நிற்கும் வண்டியை உணர்கருவி கண்டு, வந்துகொண்டிருக்கும் கார்களின் வழிகாட்டித் திரைக்கு எச்சரிக்கை அனுப்பியது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் 2015-இல் தேர்வான முன்னோடித் திட்டத்தில், 402 மைல் நீள ஐ-80 நெடுஞ்சாலையில் சுமார் 75 சாலையோரக் கருவிகளை வைத்து, காற்றிலும் பனியிலும் கவிழும் டிரக்குகளுக்கு எச்சரிக்கை கொடுத்தது. கணவாய்க் காற்று, சரக்கு வண்டி, மலை இறக்கம் என்று பார்த்தால் புளியரைக்கு நெருங்கிய உறவு வயோமிங்தான். புளியரைக்கு மட்டும் உரியது தண்டவாளம். சாலைத் தடுப்பில் அதிர்வு உணர்கருவி பொருத்தி, தடுப்பு உடைந்ததும் சாலையோரக் கருவிக்கும் அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும்படி செய்ய, நெடுஞ்சாலைத் துறையும் ரயில்வேயும் திட்டத்தின் முதல் நாளிலேயே ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

கருவியின் இடமும் எளிதல்ல. எஸ் வளைவின் ஒரு முனையில் வைத்தால் மலை மறு முனையை மறைக்கும். இரண்டு திருப்பங்களையும் பார்க்கும் நடுமேட்டில் ஒன்றும், மேலேயும் கீழேயும் செய்தியை ஏந்திக் கடத்த இரண்டும் வேண்டும். அலைபேசி வலையமைப்பை மட்டும் நம்ப முடியாது. எல்லையில் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டமும் கேரள வட்டமும் மாறும் இடம் இது. சூரியத் தகடு சாரல் மாதங்களில் குறைவாகவே மின்சாரம் தரும் என்பதால் பேட்டரியின் அளவை ஆடி மாதத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்.

பொதுச்சாலையில் ஓட்டுநரை வைத்துச் சோதிக்கும் முன் மூடிய தடத்தில் சோதனை முடிந்திருக்க வேண்டும். ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆய்வு மையத்தில் அதற்கு வசதி உண்டு. பங்குபெறும் லாரி, பேருந்து ஓட்டுநர்களிடம் அவர்கள் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். அவர்களுடைய வேகப் பதிவு முதலாளிக்கோ காவல்துறைக்கோ போகாது என்ற உறுதி இல்லாமல் யாரும் உண்மையாக ஓட்டமாட்டார்கள். இந்தியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அமெரிக்க முறையில் ஒரு வண்டி வாரத்துக்கு 20 புனைச் சான்றிதழ்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். செய்தி உண்மையானது என்று உறுதியாகும், வண்டி யாருடையது என்பது தெரியாது. போலிச் செய்தியால் லாரியை நடுவளைவில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்கும் இதே சான்றிதழ் காவல்.

வரிசை இப்படி அமையலாம். முதல் ஆண்டில் கருவி எதுவும் ஒலிக்காது. விபத்துக் கோப்பு, காணொளி, வேகம், அலை அளவு ஆகியவை மட்டும். இரண்டாம் ஆண்டில் மின்பலகைகள், குலுக்கல் முறையில் இயக்கியும் அணைத்தும். அதன் பிறகே தேர்ந்த சில பேருந்துகளிலும் எல்லை கடக்கும் லாரிகளிலும் குரல் கருவி. அப்போதும் பலகைகள் எரிந்துகொண்டிருக்கும். அளவுகளை எல்லாம் எஸ் வளைவுக்கும், கருவி வைக்காத இன்னொரு மலை வளைவுக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். கேரளப் பக்கம் ஆரியங்காவு இறக்கத்தில் அப்படி ஒரு வளைவைத் தேர்வு செய்தால், இரு மாநிலக் காவல்துறையும் விபத்துத் தரவை ஒரே படிவத்தில் தர ஒப்பந்தம் தேவை. ஆய்வுப் பணம் தீர்ந்தபின் பேட்டரி மாற்றுவதும், கண்ணாடியில் படியும் லாரிப் புழுதியைத் துடைப்பதும், சான்றிதழ் புதுப்பிப்பதும் எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்பதை, முதல் கம்பம் நடுவதற்கு முன் கையெழுத்தாகும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.